மூப்படையும் மின்சாரக் காரும் உத்தரவாதச் சீட்டும்

மும்பை மாநகரின் சயான் பகுதி, முற்காலத்தில் மும்பைத் தீவு முடிந்து சால்சட் தீவு தொடங்கிய இடத்தில் அமைந்தது. எல்லை எனப் பொருள்படும் மராத்திச் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது என்பர். நிலம் தாழ்ந்தது, மித்தி ஆறும் மாஹிம் கழியும் அருகில் உள்ளன. ஆதலால் பெருமழையும் கடல் ஏற்றமும் ஒருங்கே நேரும் நாட்களில் காந்தி மார்க்கெட், கிங்ஸ் சர்க்கிள் ஆகியவற்றைச் சூழ்ந்த தெருக்களில் நீர் தேங்குவது வழக்கம். இத்தெருக்களின் குடியிருப்புகளில் இன்று மின்சாரக் கார்களையும் காணலாம். அவற்றுள் முதலில் வாங்கப்பட்டவை மூப்பெய்தத் தொடங்கிவிட்டன. அவற்றைப் பழுது பார்க்க எவ்வளவு செலவாகும்? நீட்டித்த உத்தரவாதத்திற்குப் பணம் கட்டுவது தகுமா? இவை இப்பொழுது பல குடும்பங்களின் முன் நிற்கும் கேள்விகள். விடை காண்பதற்கு, மின்சாரக் காரில் எது மூப்படைகிறது, எது திடீரெனப் பழுதாகிறது என்னும் வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும்.

மூன்று கால அளவுகள்

நம் நாட்டில் மின்சாரக் கார் புதியதன்று. பெங்களூரில் உருவான ரேவா என்னும் சிறு கார் 2001-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அது ஈய-அமில பாட்டரிகளால் ஓடியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை முழுதும் மாற்றுவது உரிமையாளரின் வழக்கமான செலவாக இருந்தது. பின்னர் லித்தியம் அயனி பாட்டரி வந்தது. 2020 ஜனவரியில் டாட்டா நிறுவனம் 30.2 யூனிட் கொள்ளளவுள்ள பாட்டரியுடன் நெக்ஸான் மின்சாரக் காரை வெளியிட்டது. அதன் பாட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் அளிக்கப்பட்டது.

இங்கு மூன்று கால அளவுகளை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பாட்டரியின் உத்தரவாதம் பெரும்பாலும் 8 ஆண்டு. காரின் ஏனைய பாகங்களுக்கு உரிய உத்தரவாதமோ பொதுவாக 3 ஆண்டு அளவில் முடிந்துவிடும். 2020-இல் வாங்கிய காருக்கு 2028-ஆம் ஆண்டில் பாட்டரியின் உத்தரவாதமும் தீர்ந்துவிடும். 2025-இல் சில புதிய மாதிரிகளுக்கு 15 ஆண்டு பாட்டரி உத்தரவாதம் அறிவிக்கப்பட்டது உண்மையே. எனினும் அது முதல் உரிமையாளரைச் சார்ந்தது. பழைய கார் வைத்திருப்போருக்கு அதனால் பயனில்லை.

பாட்டரி மூப்படைவது ஏன்?

லித்தியம் அயனி மின்கலத்தில் சக்தி ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. சக்தி இறங்கும்போது திரும்புகின்றன. கிராபைட்டாலான எதிர்முனையின்மீது மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அப்படலம் மின்கலத்திற்கு இன்றியமையாத பாதுகாப்பு. ஆனால் நாளடைவில் அது தடித்து, லித்தியத்தில் ஒரு பகுதியைத் தன்னுள் சிறைப்படுத்துகிறது. அவ்வளவுக்கு மின்கலத்தின் கொள்ளளவு குறைகிறது. கார் ஓடாமல் நின்றாலும் இம்மாற்றம் நிகழும். உஷ்ணம் மிகுந்தால் விரைவுபடும். முழுச் சக்தியுடன் நெடுநாள் நிறுத்திவைத்தாலும் விரைவுபடும்.

உஷ்ணத்தின் விளைவுக்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. அரிசோனா மாநிலத்தின் வெப்பம் மிகுந்த ஊர்களில் ஓடிய நிசான் லீப் கார்களின் பாட்டரிகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் கொள்ளளவை இழந்ததாக 2012-இல் முறையீடுகள் எழுந்தன. அந்தக் காரின் பாட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை. அடுத்த ஆண்டில் அந்நிறுவனம், பழுதுக்கு மட்டுமன்றிக் கொள்ளளவுக் குறைவுக்கும் உத்தரவாதம் அளித்தது. 2022-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதிக்குழு ஓர் உலக அளவுகோலை ஏற்றது. 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் கொள்ளளவு எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பாட்டரியின் மூப்பு மெதுவானது, அளந்தறியத் தக்கது. எட்டாம் ஆண்டு முடிந்த மறுநாளே பாட்டரி நின்றுவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. 70 சதவீதம் எஞ்சியிருக்கும் கார், சயானிலிருந்து செம்பூருக்கோ நரிமன் முனைக்கோ நாள்தோறும் சென்று திரும்பப் போதுமானது.

திடீரெனப் பழுதாகும் பாகங்கள்

பாட்டரிக்கும் சக்கரத்திற்கும் இடையே பல மின்னணுச் சாதனங்கள் உள்ளன. வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றிப் பாட்டரியில் ஏற்றும் சார்ஜர், மோட்டாருக்குரிய மின்னோட்டத்தை வழங்கும் இன்வெர்ட்டர், மின்கலங்களின் நிலையைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பலகை, குளிர்விப்புத் திரவத்தைச் சுழற்றும் பம்பு, குளிர்சாதனக் கம்ப்ரஸர் ஆகியவை அவை. இவை தேய்ந்து மெல்ல மெல்லக் கெடுவதில்லை. ஒரு நாள் திடீரென நின்றுவிடும். கடற்கரை நகரின் உப்பும் ஈரமும் கலந்த காற்று மின் இணைப்புகளை அரிப்பதும் இங்குக் கருதத்தக்கது. இவற்றோடு 12 வோல்ட் சிறு பாட்டரியும் உண்டு. அது செயலற்றால் பெரிய பாட்டரியில் சக்தி நிறைந்திருந்தும் கார் புறப்படாது. ஆயினும் அதனை மாற்றும் செலவு சிறிதே.

பெரிய பாட்டரிக்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. வரிசையாக நின்று கைமாற்றி நீர் கடத்தும் ஆட்களுள் ஒருவனிடம் மட்டும் சிறு குடம் இருந்தால், அக்குடத்தின் அளவே அனைவரும் கடத்த முடியும். அதுபோல் ஒரு தொகுதி நலிந்தால் முழு பாட்டரியும் நலிந்ததாகத் தோன்றும். அத்தொகுதியை மட்டும் மாற்றினால் செலவு பன்மடங்கு குறையும். ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற பணியாளரும், கழற்றி மூடத்தக்க அமைப்பும், நிறுவனம் தனியே விற்கும் உதிரிப் பாகமும் வேண்டும். இவை இல்லாதபோது முழு பாட்டரியையும் மாற்றச் சொல்வது நேரிடுகிறது.

முழு பாட்டரியின் விலை எவ்வளவு? உலகச் சந்தையில் லித்தியம் பாட்டரியின் சராசரி விலை 2010-இல் யூனிட் ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது. 2024-இல் சுமார் 115 டாலராக இறங்கியது. டாலருக்கு 85 ரூபாய் எனக் கொண்டால் 30 யூனிட் பாட்டரிக்கு ஏறத்தாழ 2.9 லட்சம் ரூபாய் ஆகும். 18 சதவீத வரி சேர்ந்தால் 3.5 லட்சத்தை நெருங்கும். இது கார் உற்பத்தியாளர் மொத்தமாக வாங்கும் விலை. தனி உதிரிப் பாகமாக வாங்குவோருக்கு இதனினும் கூடும்.

வெள்ளம் யார் பொறுப்பு?

2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய நாள் அரிது. முழங்காலளவு நீர் தேங்கும் நாட்களோ ஆண்டுதோறும் வருகின்றன. பாட்டரிப் பெட்டிகள் பல ஐ.பி. 67 என்னும் தரத்தில் செய்யப்படுகின்றன. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் இருந்தாலும் உள்ளே நீர் புகாமை அதன் பொருள். வெள்ளம் ஓர் இரவு முழுதும் தேங்கி நின்றால் அச்சோதனையின் எல்லை கடந்துவிடுகிறது. பெட்டி அடிபட்டிருந்தாலோ அதன் விளிம்பு அடைப்பு மூப்படைந்திருந்தாலோ பாதுகாப்பு மேலும் குறையும்.

உத்தரவாதம் என்பது உற்பத்திக் குறைக்கு நிறுவனம் ஏற்கும் பொறுப்பு. வெள்ளத்தாலும் விபத்தாலும் வரும் சேதம் பொதுவாக அதில் அடங்காது. அது இன்ஷூரன்ஸைச் சார்ந்தது. அங்கும் கணக்கு நுட்பமானது. இந்திய மோட்டார்த் தீர்வை விதிகளின் அட்டவணைப்படி ஐந்தாம் ஆண்டில் காரின் மதிப்பு விலையில் பாதியாகக் கொள்ளப்படும். பழுதுச் செலவு அம்மதிப்பில் 75 சதவீதத்தை மீறினால் கார் முழு இழப்பாகக் கருதப்படும். 14 லட்சத்திற்கு வாங்கிய காரின் மதிப்பு 7 லட்சமாகி, பழுது 5.25 லட்சத்தைத் தாண்டினால் நல்ல நிலையில் ஓடிய காரும் கழிவாகிவிடும். மேலும் அவ்வட்டவணை, மாற்றப்படும் பாட்டரிகளுக்கு 50 சதவீதத் தேய்மானக் கழிவு விதிக்கிறது. அது வகுக்கப்பட்ட காலத்தில் பாட்டரி என்பது சில ஆயிரம் ரூபாய்ப் பொருள். மின்சாரக் காரிலோ அதுவே மிக விலையுயர்ந்த பாகம். தேய்மானக் கழிவில்லாத பாலிசி, பாட்டரிக்குரிய தனிச் சேர்க்கை ஆகியவை தம் பாலிசியில் உள்ளனவா என்று சயான் போன்ற தாழ்நிலப் பகுதியினர் எழுத்து மூலம் கேட்டறிதல் நலம்.

நீட்டித்த உத்தரவாதத்தின் கணக்கு

நீட்டித்த உத்தரவாதம் என்பது அபாயத்தைப் பிறர் தோளுக்கு மாற்றுவதற்குத் தரும் விலை. மும்பையின் பெஸ்ட் நிறுவனமும் இவ்வழியைக் கையாள்கிறது. தன் மின்சார பஸ்களில் பலவற்றை வாங்காமல், ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு எனக் கட்டணம் தந்து, பராமரிப்பின் பொறுப்பை ஒப்பந்தக்காரரிடம் விட்டுள்ளது. அவ்விலை தகுமா என்பதைக் குடும்பமும் எளிதில் கணக்கிடலாம்.

முறையை விளக்குவதற்காகச் சில எண்களைக் கொள்வோம். மூன்றாண்டு நீட்டிப்பின் கட்டணம் 45,000 ரூபாய். அக்காலத்தில் 80,000 ரூபாய் சார்ஜர் பழுதாக நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. இதன் சராசரிச் சுமை 8,000. ஒன்றரை லட்ச ரூபாய் இன்வெர்ட்டர் பழுதாக நூற்றுக்கு ஆறு, 9,000. நாற்பதாயிரம் ரூபாய்க் கம்ப்ரஸருக்கு நூற்றுக்குப் பதினைந்து, 6,000. மொத்தம் 23,000. அவசரத்திற்கு ஒன்றரை லட்சம் எடுக்க வசதியுள்ள குடும்பம் கட்டணத்தை வங்கியில் சேமிப்பதே மேல். அவ்வசதியற்ற குடும்பத்திற்கு மிகுதிப் பணம் மன அமைதியின் விலையாகும். அந்த மாதிரியில் சார்ஜர் பழுது நூற்றுக்கு நாற்பது எனத் தெரியவந்தால் மொத்தம் 47,000 ஆகிறது; அப்பொழுது உத்தரவாதம் வாங்குவதே சிக்கனம்.

கட்டணம் செலுத்துமுன் ஐந்து செய்திகளைப் பார்க்க வேண்டும். சார்ஜரும் இன்வெர்ட்டரும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளனவா? கொள்ளளவுக் குறைவு அடங்குமா, எத்தனை சதவீதத்தில்? நலிந்த தொகுதியை மாற்றுவரா, முழு பாட்டரியையா? காரை விற்றால் உத்தரவாதம் வாங்குபவரைச் சேருமா? எத்தகைய பராமரிப்புத் தவறினால் அது செல்லாதாகும்? பெரும்பாலும் முதல் உத்தரவாதம் முடியுமுன்பே நீட்டிப்பை வாங்க வேண்டியிருத்தலால் காலம் தவறவிடலாகாது.

அளவீடே ஆதாரம்

தன் காரின் நிலையை உரிமையாளர் தாமே ஓரளவு அறியலாம். பயன்படத்தக்க கொள்ளளவு 30 யூனிட் எனில், 20-லிருந்து 80 சதவீதம் வரை ஏற்ற 18 யூனிட் வேண்டும். வழியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வீணாவதாகக் கொண்டால் வீட்டு மீட்டர் சுமார் 20.5 யூனிட் காட்டும். அது 16.5 எனக் காட்டினால் கொள்ளளவு ஏறத்தாழ 80 சதவீதமாகக் குறைந்துள்ளது என ஊகிக்கலாம். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் இவ்வாறு அளந்து குறித்து வைப்பதும், பணிமனையின் பாட்டரிச் சோதனை அறிக்கையைப் பெற்றுப் பாதுகாப்பதும், உத்தரவாதம் கோரும்போதும் காரை விற்கும்போதும் பெருந்துணையாகும்.

பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கான இணையவாசலும் திறக்கப்பட்டது. மோட்டார் வாகனங்களும் அதன் நோக்கில் அடங்கும். அதே ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரியை முறைப்படி மீட்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. தாராவி போன்ற இடங்களில் பழைய பொருள்களைப் பிரிக்கும் தொழிலாளர் கையில், சக்தி எஞ்சிய லித்தியம் பாட்டரி சிக்குவது தீ விபத்துக்கு இடமாகும். ஆகவே அதனைப் பழைய சாமான்களோடு விற்றல் தகாது. காருக்கு உதவாத பாட்டரியும் சூரிய மின்சாரத்தைச் சேமிக்க உதவக்கூடும். 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் முதலிய ஆராய்ச்சிசாலைகள் லித்தியம் பாட்டரி குறித்து ஆய்ந்து வருகின்றன.

ஆகவே மூப்படையும் மின்சாரக் காரைப் பற்றி அஞ்சவேண்டியது பாட்டரியின் வயதையன்று. அளவீடின்றியும், சீட்டின் விதிகளைப் படியாமலும், வெள்ளத்திற்கு முன்னேற்பாடின்றியும் இருத்தலே அஞ்சத்தக்கது. ஆனி மாதத்து மழைக்கு முன் காரை மேட்டு நிலத்தில் நிறுத்த இடம் தேடிவைப்பதும், பாலிசியை ஒருமுறை முழுதும் படிப்பதும் செலவில்லாத காப்புகளாம்.