சுருதி தரும் சில்லு

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்திலும் பாகூர் மூலநாதர் கோயில் விழாவிலும் நாகசுரம் கேட்போர், அவ்விசைக்கு அடிநிலமாக ஓர் ஒலி இடையறாது நிற்பதை உணர்வர். அதுவே சுருதி. முன்னாளில் ஒத்து என்னும் குழல் அதனைத் தந்தது. ‘ஒத்து ஊதுகிறான்’ என்று நாம் எள்ளிப் பேசுகிறோம். மூச்சு அறாமல் ஒரே ஒலியை நெடுநேரம் ஊதுதல் எளிய செயலன்று. பெங்களூரில் புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ்நாராயண் 1979-ஆம் ஆண்டு மின்சுருதிப் பெட்டியை வடிவமைத்தார். இன்று பல இடங்களில் ஒத்துக்காரருக்கு மாறாக அத்தகைய பெட்டியே ஒலிக்கின்றது.

இதனை வீட்டிலேயே அமைக்கலாம். அதற்கு உதவுவது ஏ.டி. 9833 என்னும் சில்லு. விரல் நகத்தினும் சிறிய அதனுள் ஓர் எண்ணி உண்டு. வெளியே உள்ள படிகம் நொடிக்கு 2,50,00,000 முறை துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் எண்ணி நாம் குறித்த எண்ணளவு முன்னேறும். 26,84,35,456-ஐ எட்டியதும் ஒரு சுற்று முடிந்து ஓர் அலை பிறக்கும். பெரிய எண்ணைக் குறித்தால் சுற்று விரைந்து முடியும், சுருதி உயரும்.

இரண்டு கட்டைச் சுருதிக்கு 3154 என்னும் எண்ணைத் தரலாம். நொடிக்கு ஏறத்தாழ 293.7 அலைகள் எழும். பஞ்சமம் அதனினும் ஒன்றரை மடங்கு, ஆதலின் 4731. மேல் சட்சமம் 6308. சட்சமத்துக்கு 3153 என்று குறித்தால் பஞ்சமத்துக்கு 4729.5 வேண்டும், சில்லோ அரையை ஏற்காது. எனவே இரட்டைப்படை எண்ணையே தேர்தல் நன்று. மூன்று சில்லுகளையும் ஒரே படிகத்தால் இயக்குக. வெப்பத்தால் படிகத்தின் துடிப்பு சற்று மாறினும் மூன்றும் ஒருங்கே மாறும், இசைவு கெடாது.

பகுதி பகுதியாகச் செய்து கம்பிகளால் இணைக்கும் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியிலும் இச்சில்லு ஓர் உறுப்பாகும். ஒரு பலகை அலையைப் பிறப்பிக்கும், மற்றொன்று அலைகளைக் கலக்கும், வேறொன்று வடிகட்டும். சில்லு தருவது ஏறத்தாழ 0.6 வோல்ட்டே, ஆகவே பெருக்கியும் வேண்டும்.

தனி அலையின் ஒலி சீழ்க்கை போல் வறிதாக இருக்கும். சீவாளியின் ஒலியிலோ மேற்சுரங்கள் பல செறிந்துள்ளன. இருமடங்கு, மும்மடங்கு எண்களைத் தந்த சில்லுகளின் ஒலியைச் சிறிது சிறிதாகக் கலந்தால் அச்செறிவை ஓரளவு பெறலாம்.

இன்னொன்றும் உண்டு. ஊத ஊத நாகசுரம் சூடேறி, அதன் சுருதி சற்றே உயரும். அருகில் நின்ற ஒத்துக்காரர் அதனைக் கேட்டு இணங்கி ஊதுவார். சில்லுக்குச் செவியில்லை. 3154-ஐ 3164 ஆக்கவும், மற்ற இரண்டையும் அதே விகிதத்தில் உயர்த்தவும் பெட்டியில் ஒரு திருகு அமைக்க வேண்டும். அதனைக் கேட்டுத் திருப்ப ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.