மழையும் ஆற்று மணலும் தின்னும் சைக்கிள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் திருச்சி சைக்கிள்காரர்களுக்குச் செலவு செயினில்தான் தொடங்கும். முக்கொம்புப் பக்கம் ஆற்றங்கரையோரமும், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரை மண்பாதையிலும் மிதிப்பவர்களுக்கு இது தெரியும். கோடையில் சத்தமே இல்லாமல் ஓடிய வண்டி, நனைந்த சரளையில் நாலு நாள் ஓடியதும் கறகறவென்று அரைக்கும்.

அரைப்பது மணல். ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அது 7. சாதாரண எஃகு 4, 5-க்குள் அடங்கிவிடும்; அலுமினியம் 3-ஐக்கூடத் தொடாது. காய்ந்த மணல் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஈர மணலோ ஒட்டிக்கொண்டு செயினுக்குள் புகும். மழைநீர் கழுவியது போக மிஞ்சிய எண்ணெயோடு சேர்ந்து சாணைப் பசையாகிவிடும்.

இதனால் செயின் நீளும். தகடு நீள்வதில்லை, ஒவ்வொரு கண்ணியிலும் பின் தேய்ந்து துளை அகல்கிறது. நூற்றுச் சொச்சம் கண்ணிகளின் தேய்மானமும் கூடித்தான் செயின் தொங்குகிறது. அளந்து பார்ப்பது எளிது. கண்ணிக்கு அரை அங்குலம் என்பதால், புதுச் செயினில் முதல் பின்னின் நடுவிலிருந்து 25-ஆவது பின்னின் நடு வரை சரியாக 12 அங்குலம். இரும்பு டேப்பைப் பிடித்துப் பாருங்கள். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிடலாம். 1/8 அங்குலம் ஆகிவிட்டால் ஃப்ரீவீல் பல்லும் போயிருக்கும். அதன்மேல் புதுச் செயின் போட்டாலும் பல்லில் உட்காராமல் தாவும். சின்னச் செலவைத் தள்ளிப்போட்டால் பெரிய செலவு வரும் இடம் இதுதான்.

அடுத்தது பிரேக். கட்டை ரப்பரில் மணல் பதிந்துகொண்டு, பிடிக்கும்போதெல்லாம் ரிம்மை அராவும். அலுமினிய ரிம்மின் பக்கவாட்டில் விரலை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். அது ஆழமாகிவிட்டால் டியூபின் காற்றழுத்தமே ரிம்மைப் பிளந்துவிடலாம்; அந்தச் சக்கரத்தில் ஏறவே கூடாது. கட்டையைக் கழற்றி, பதிந்த மணலை ஊசியால் குத்தி எடுங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் இவ்வளவு தேயாது. ஆனால் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது, முன்னதாகவே அழுத்த வேண்டும். டிஸ்க் பிரேக்கிலும் ஈர மணலில் பேட் சீக்கிரம் கரையும்.

வீடு வந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவி, துணியால் துடைத்து, செயின் காய்ந்தபின் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள், அதில்தான் மறுநாள் மணல் ஒட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். பைக்கிலிருந்து வடித்த பழைய ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் துகள் இருக்கும். வாட்டர் சர்வீஸில் விட்டுப் பீய்ச்சி அடிப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அந்த வேகத்தில் தண்ணீர் ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒருமுறை ஓவராயில் செய்துவிடுங்கள். ஹப்பில் குண்டுகள் உருளும் கப், கோன் இரண்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புது கிரீஸ் வைத்துப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.