நொதியின்றிச் சர்க்கரையை அளக்க இயலுமா?



கோடையில் ஒருநாள், காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் தறி நெய்யும் பெரியவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். விரல் நுனியில் ஊசி குத்தி, குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார். கருவி 118 என்றது. "இனி மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே" என்று மகிழ்ந்தார். ஸ்ட்ரிப் குப்பியோ மூடி திறந்தபடி சன்னலோர வெயிலில் கிடந்தது. என் வற்புறுத்தலால் உடனே ஆய்வகம் சென்றார். அங்கு வந்த அளவு 247!

பிழை எங்கே நேர்ந்தது? ஸ்ட்ரிப்பில் தடவப்பட்டிருப்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்றதொரு நொதி. இரத்தத்திலுள்ள சர்க்கரையோடு அது வினைபுரிந்து எலெக்ட்ரான்களை வெளிக்கொணர்கிறது. அவை மின்முனையை அடைந்து மின்னோட்டமாகின்றன. அம்மின்னோட்டத்தின் அளவே சர்க்கரையின் அளவாகத் திரையில் தோன்றுகிறது. அமெரிக்க அறிஞர்களான கிளார்க்கும் லயன்சும் 1962ஆம் ஆண்டு வகுத்த வழி இது. ஆனால் நொதி ஒரு புரதம். வெப்பமும் ஈரமும் பட்டால் நலிந்துவிடும்.

அப்படியானால் நொதியே இல்லாமல் அளக்க இயலாதா? இயலும் என்கிறது மின்வேதியியல். பிளாட்டினம், பொன், செம்பு, நிக்கல் ஆகிய உலோகங்களின் பரப்பே சர்க்கரையிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெறவல்லது. கரக்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பிகாஷ் குமார் ஜேனா, ரத்ன ராஜ் ஆகிய இருவரும், சிலிக்கேட் வலைப்பின்னலின் மேல் நுண்ணிய பொன் துகள்களைப் படியவைத்து, நொதியின்றிக் குளுக்கோசை அளந்துகாட்டி 2006ஆம் ஆண்டு ஆய்வுரை வெளியிட்டனர். பட்டுச் சேலையின் சரிகையில் வெள்ளியின் மேல் மெல்லிய பொன் முலாம் ஏற்றுவதும் மின்சாரத்தின் துணையால்தான். அங்கே மின்சாரம் பொன்னைப் படியவைக்கிறது. இங்கே பொன்னின் பரப்பில் மின்சாரம் பிறக்கிறது!

எனினும் தடைகள் உள்ளன. இரத்தத்திலுள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம், நாம் விழுங்கும் பாரசிட்டமால் ஆகியனவும் அதே உலோகப் பரப்பில் எலெக்ட்ரான்களை இழந்து கணக்கைக் குழப்பக்கூடும். இரத்தத்தின் குளோரைடு உப்பு உலோகத்தில் ஒட்டி அதன் செயலை மங்கச்செய்யும். செம்பும் நிக்கலும் காரக் கரைசலில்தான் திறம்படச் செயல்படுகின்றன. இரத்தமோ ஏறத்தாழ நடுநிலையானது. ஆதலால் மருந்துக் கடையில் நாம் வாங்கும் ஸ்ட்ரிப்புகள் பெரும்பாலும் இன்றும் நொதியையே நம்பியுள்ளன.

நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. வெயில் சுடும் நம் ஊர்களுக்கு வெப்பத்தைத் தாங்கும் உணர்வி எத்துணை தேவை என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அது கைக்கு வரும்வரை, குப்பியை இறுக மூடி, வெயிலும் அடுப்பனலும் படாத இடத்தில் வையுங்கள். காலாவதி நாளைப் பாருங்கள். சோதிக்குமுன் கையைக் கழுவித் துடையுங்கள். விரலில் ஒட்டிய பழச்சாறும் அளவைக் கூட்டிக்காட்டும். கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பி மாத்திரையைக் குறைக்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். தாமல் பெரியவர் இப்போது அப்படித்தான் செய்கிறார்.