மேற்குச் சரிவின் பாவை

டீ ஆறட்டும், அதற்குள் கிழக்கே பாருங்கள். சேந்தமங்கலத்திலிருந்து தெரிவது கொல்லிமலையின் மேற்குப் பக்கம். சங்கப் புலவர்கள் கபிலரும் பரணரும், கொல்லிப்பாவை என்ற அழகிய தெய்வப் பெண்ணுருவம் இருப்பதாகப் பாடியதும் இந்த மேற்குப் பக்கத்தில்தான்.

பாட்டால் பெயர் பெற்ற ஊர்கள் வேறு நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டோக் போஜஸ் என்றொரு சிற்றூர். தாமஸ் கிரேயின் புகழ்பெற்ற இரங்கற்பா அந்த ஊரின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. 1751இல் அச்சான கவிதை அது. அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான். கவிதையைப் படித்தவர்கள் இன்றும் அந்த ஊரைத் தேடிப் போகிறார்கள். நம் மலைக்கும் அப்படித் தேடி வர வேண்டும் என்பது என் ஆசை.

குறுந்தொகையில் 100ஆம் பாட்டு கபிலருடையது. காதலி கிடைப்பதற்கு அரியவள் என்று தலைவன் ஏங்குகிறான்; அவளைக் கொல்லிப்பாவைக்கு ஒப்பிடுகிறான். அந்த உவமைக்கு வந்துசேரும் வழியில் கபிலர் மலைவாழ்வையே காட்டிவிடுகிறார். அருவி பாயும் நிலத்தில் மலைநெல் விதைக்கிறார்கள். ஊடே முளைக்கும் காட்டு மல்லிகையையும் மரலையும் களைந்து எறிகிறார்கள். ஊரைச் சுற்றிக் காந்தளே வேலி. பசி வந்தால் யானைத் தந்தத்தை விற்றுச் சாப்பிடுகிறார்கள். விதைப்பு, களையெடுப்பு, பஞ்சம், பண்டமாற்று எல்லாம் நாலே வரியில்! காதல் பாட்டுக்குள் ஒரு மலையூரின் பாடு இவ்வளவு துல்லியமாக அடங்கியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கபிலர் பாட்டில் கொல்லி, வல்வில் ஓரி என்ற குறுநில மன்னனின் மலை. பரணர் பாடிய 89ஆம் பாட்டில், உரல் குத்திக்கொண்டே பாடும் பெண்ணுக்கு அதே பாவைதான் உவமை. ஆனால் மலை சேரன் பொறையனுடையது. எப்படிக் கைமாறியது? அகநானூறு 209இல் கல்லாடனார் சொல்கிறார்: முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான். மூன்று பாட்டும் காதலைப் பற்றியவைதான். இருந்தாலும் சேர்த்துப் படித்தால், மலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு கிடைக்கிறது. அரசன் மாறினாலும் பாவை மாறவில்லை. காற்று அறைந்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அவள் அழகு குலையாது என்கிறது நற்றிணை 201.

கல்லாடனார் இந்த மலையின் பலாவையும் மறக்காமல் சொல்கிறார். அந்தப் பலா இன்றும் கொல்லியிலிருந்து இறங்குகிறது. மேலே எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவை என்றே கும்பிடுகிறார்கள். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று விழாவும் உண்டு.

காரவல்லி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஏறுமுன் அந்த இரண்டு குறுந்தொகைப் பாட்டையும் படித்துவிடுங்கள். ஒவ்வொன்றும் ஏழே வரி.