தம்பி போனான், அண்ணன் நிற்கிறான்: 3ஜி மூடப்பட்ட கதை

மாணவர்களே, கெர்லிங் தோட்டத்தில் இருக்கும் பாட்டியிடம் பொத்தான் வைத்த பழைய 2ஜி கைப்பேசி. கோலாலம்பூரில் இருக்கும் பேரனிடம் 5ஜி திறன்பேசி. இருவரும் தடையின்றிப் பேசுகிறார்கள். எப்படி?

இன்னொரு புதிர். 2021ஆம் ஆண்டு இறுதியில் மலேசியாவில் 3ஜி சேவை மூடப்பட்டது. அதைவிடப் பழைய 2ஜியை அப்போது மூடவில்லை. ஏன்?

ஒவ்வொன்றும் ஒரு மொழி

2ஜி, 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையை எட்டு நேரக்கூறுகளாகப் பிரித்து, முறைவைத்துக் கொடுக்கிறது. 3ஜியில் 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அனைவரும் ஒரே நேரத்தில் பேசுவர். ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீடு உண்டு. 4ஜியோ, தகவலை 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட பல துணை அலைகளில் பரப்பி அனுப்புகிறது.

ஆகவே, 2ஜி கைப்பேசிக்கு 4ஜி அலை புரியாது. ஆனால், 4ஜி திறன்பேசிக்கு 2ஜி புரியும். தமிழ், மலாய், சீனம் மூன்றும் தெரிந்த கடைக்காரரைப் போல, அதற்குள் பழைய மொழிகளும் சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன. இதுவே பின்னோக்கிய இணக்கம். கோபுரமும் பழைய மொழியைப் பேசினால்தான் இது பயன்படும்.

பாட்டியின் கைப்பேசி தன் கோபுரத்துடன் 2ஜியில் பேசுகிறது. பேரனின் திறன்பேசி தன் கோபுரத்துடன் புதிய முறையில் பேசுகிறது. நடுவில் உள்ள வலையமைப்புக் கருவிகள் குரலை ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுக்கின்றன.

3ஜி ஏன் போனது?

அலைக்கற்றை நிலம் போன்றது. புதிதாக உருவாக்க முடியாது. 3ஜி வைத்திருந்த அலைக்கற்றையை 4ஜிக்குக் கொடுத்தால், அதே இடத்தில் கூடுதல் தரவை அனுப்பலாம். 2ஜிக்குக் குறைந்த அகலமே போதும். சாதாரணக் கைப்பேசிகளும் அதை நம்பியுள்ளன. அதனால் தம்பி போனான், அண்ணன் நின்றான்.

கவனிக்க வேண்டியது

பழைய தலைமுறைகளைப் போலக் குரலுக்கென்று தனி வழி 4ஜியில் இல்லை. அழைப்பும் தரவாகவே செல்ல வேண்டும். இந்த வசதிக்கு வோ-எல்டிஇ என்று பெயர். இது இல்லாத 4ஜி கைப்பேசி, அழைப்பு வந்ததும் பழைய தலைமுறைக்கு இறங்கிவிடும். பழையவை எல்லாம் மூடப்பட்டால், அதில் காணொலி பார்க்கலாம், பேச முடியாது!

ஆஸ்திரேலியாவில் இது உயிர்ப் பிரச்சினையானது. அங்கு 2ஜி முன்பே மூடப்பட்டிருந்தது. 2024ஆம் ஆண்டில் 3ஜியும் மூடப்பட்டு வந்தபோது, சில 4ஜி கைப்பேசிகளால் அவசர அழைப்பை 4ஜி வழியாகச் செய்ய இயலாது என்பது தெரிந்தது. அத்தகைய கருவிகளை வலையமைப்பில் அனுமதிக்கக் கூடாது என அரசு விதித்தது.

செய்து பாருங்கள்

வீட்டிலுள்ள 4ஜி கைப்பேசியிலிருந்து நண்பரை அழையுங்கள். பேசும்போது திரையின் மேலுள்ள 4ஜி குறி மறைந்தால், அது 2ஜிக்கு இறங்கியிருக்கலாம். அமைப்புகளில் வோ-எல்டிஇ இருந்தால் இயக்கி, மீண்டும் அழைத்துப் பாருங்கள். சோதனைக்காக 999ஐ மட்டும் அழைக்காதீர்கள். தாத்தா பாட்டியின் கைப்பேசியையும் மறக்காமல் பாருங்கள். 2ஜி மூடப்படும் நாளில் முதலில் மௌனமாவது அதுதான்.