கெடா தோட்டங்களின் சரித்திரத்தை எங்கே தேடுவது?

யுத்தம் முடிந்து இரண்டாண்டு நிறையாத 1947-ஆம் ஆண்டின் முற்பகுதியில், கெடா மாநிலத்து பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் திரண்ட தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்ததும், போலீஸார் தலையிட்டதும், தொழிலாளர் உயிர் துறந்ததும் மலாயாத் தமிழர் மறக்கொணாத சம்பவங்கள். அவற்றை ஆராய விரும்பியவர் முன்பு தூரதேசத்து நூலகங்களை நாடிப் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது. இன்றோ சுங்கை பட்டாணியில் தம் வீட்டிலிருந்தபடியே, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' என்னும் இணையத் திரட்டில் அக்காலத்து 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' இதழ்களைக் கட்டணமின்றி வாசிக்கலாம்.

பழைய தாளின் பிம்பத்திலுள்ள அச்செழுத்துகளைக் கணினி இனங்கண்டு பதிந்து வைப்பதனாலேயே, நாம் இடும் சொல் உள்ள பக்கம் நம் முன் வருகிறது. மங்கிய அச்சில் அது பிழைபடுவதும் உண்டு. ஆகையால் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை அக்கால வழக்குப்படி, அலோர் செத்தாரை 'அலோர் ஸ்டார்' என்றும், சுங்கையைச் 'சுங்கெய்' என்றும் இட்டுத் தேடுவது அவசியம். நம்மவரைக் 'கூலி' என்றே அவ்விதழ்கள் குறித்தன. மனம் கூசினாலும் அச்சொல்லையும் இட்டுத்தான் தேடவேண்டும்.

ஆனால் அங்கே பெரும்பாலும் ஒலிப்பது துரைமாரின் குரலும் போலீஸாரின் குரலுமே. வேலைநிறுத்தத்தால் நேர்ந்த நஷ்டத்தை விஸ்தாரமாக வர்ணிக்கும் செய்தி, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அடுப்பெரியாத குடும்பத்தைப் பற்றி மௌனம் சாதிக்கும். அதனாலேயே 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன 'தமிழ் நேச'னையும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முர'சையும் உடன் வைத்துப் படியாத ஆராய்ச்சி பூரணமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அரண்மனைத் தரப்பின் ஆவணங்களுக்குக் குறைவில்லை. 1882 முதல் 1943 வரை கெடாவை ஆண்ட சுல்தான் அப்துல் ஹமீதின் கடிதப் போக்குவரத்து, 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பால்மரம் வெட்டிய ஜனங்களின் தஸ்தாவேஜுகளுக்கு அத்தகைய பாக்கியம் வாய்க்கவில்லை. தோட்டத்துப் பள்ளியின் பதிவேடு, மாரியம்மன் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கு, செக்ரோல் என்னும் தொழிலாளர் வருகைப் பதிவேடு, தமிழகத்திலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவை, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்தும் மறைந்தபோது, லயங்களை விட்டுக் குடிபெயர்ந்தோருடன் சிதறிப் போயின.

இலங்கைத் தமிழர் தன்னார்வலராய் ஒன்றுகூடி 2005-இல் ஆரம்பித்த நூலகம் இணையத்தளம், எளிய மக்களின் துண்டுப் பிரசுரங்களையும் மலர்களையும் கூடச் சேர்த்து வைத்திருக்கிறது. கெடாவிலும் அது சாத்தியமே. ஆகவே பாட்டனாரின் பெட்டியில் பழைய தாளோ புகைப்படமோ வைத்திருக்கும் வாசகர்களே, முன்னும் பின்னும் படமெடுத்து, இன்னார், இன்ன தோட்டம், இன்ன ஆண்டு என்று, சொல்லத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். மூலத்தைப் பத்திரப்படுத்தி, பிரதியொன்றை அலோர் செத்தாரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளைக்குக் கொடுக்க முன்வாருங்கள்.