வாரா வாரம் மலை இறங்க முடியாது... மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு வீட்டுப் பயிற்சி கைகொடுக்குமா?

பூம்பாறை, மன்னவனூர் மாதிரி மேல்மலை கிராமங்களில் இருப்பவர்கள் முதலில் கொடைக்கானல் வர வேண்டும். அங்கிருந்து மாவட்டத் தலைநகர் திண்டுக்கல் 90 கிலோமீட்டருக்கும் மேல். கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு, அரை மணி நேர பிசியோதெரபிக்காக எத்தனை வாரம்தான் இறங்கி ஏற முடியும்? சிகிச்சை பாதியில் நின்றுபோவது இப்படித்தான்.

ஆனால், இந்தக் குழந்தைகளுக்கான பயிற்சியில் பெரும்பகுதி நடக்க வேண்டிய இடமே வீடுதான்.

மூளை முடக்குவாதம் என்றால் என்ன?

செரிப்ரல் பால்சி எனப்படும் இது, பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பு. மூளையில் உள்ள பாதிப்பு நாளாக நாளாகக் கூடாது. அதை முழுசா சரிசெய்யும் மருந்தும் இல்லை. ஆனால், கவனிக்காமல் விட்டால் தசைகள் இறுகும், இடுப்பு மூட்டு விலகும்.

எந்தப் பயிற்சி பலன் தரும்?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஐயோனா நோவாக் குழுவினர், இதற்கான சிகிச்சைகளை டிராஃபிக் சிக்னல் போல பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்து 2020-ல் ஆய்வு வெளியிட்டனர். பச்சையில் இடம்பிடித்தவற்றுக்கு ஒரு ஒற்றுமை உண்டு: குழந்தை தானே அசைய வேண்டும், ஒரு குறிக்கோள் இருக்க வேண்டும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஸ்பூனைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோவது, ஸ்டூலில் இருந்து எழுந்து நிற்பது எல்லாமே பயிற்சிதான். குழந்தை சும்மா படுத்திருக்க, பெரியவர்கள் எண்ணெய் தேய்த்து கை, காலை நீட்டி மடக்குவதால் மட்டும் இந்தத் திறன்கள் வந்துவிடாது.

எப்போது தொடங்க வேண்டும்?

சந்தேகம் வந்த உடனே. முதல் 2 வயதில் மூளை வேகமாக வளர்வதால், 'போகப் போக சரியாகிடும்' எனக் காத்திருப்பது பெரிய இழப்பு. கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• 4 மாதத்துக்குப் பிறகும் கைவிரல்களை மூடியே வைத்திருப்பது
• 9 மாதமாகியும் தானாக உட்காராதது
• ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது

தெரபி வீட்டுக்கே வருமா?

வரும் என்பதற்கு உதாரணம் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம். 1981-ல் இதைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றவர். இங்கு பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் பெற்றோருக்குக் கற்றுத்தருகிறார்கள். 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலி வழியாக நிபுணர்கள் முன்னேற்றத்தைக் கவனிக்கிறார்கள்.

தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வீட்டிலேயே எல்லாம் முடிந்துவிடுமா?

முடியாது. இடுப்பு மூட்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். குழந்தை வளர வளர பயிற்சியும் மாற வேண்டும். யூடியூப் பார்த்து நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

மலை இறங்கும் நாளில் தெரபிஸ்ட்டிடம் இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்: அடுத்த சில வாரங்களுக்கு என்ன குறிக்கோள்? தினமும் வீட்டில் எதை, எத்தனை முறை செய்ய வேண்டும்? எப்போது நிறுத்த வேண்டும்? அவர் செய்துகாட்டுவதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டால், வீட்டில் பாட்டியும் பார்த்துக் கற்றுக்கொள்வார்.